தியேட்டரை வெட்டிக் கட்டிய வீடு

நாங்கள் வாங்கிய வீடு முன்பு சினிமா தியேட்டராக இருந்தது. பதுளை டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். படம் ஓட்டுவதை நிறுத்திப் பல வருடம் பூட்டிக் கிடந்த கட்டடத்தை வெளியூர்க் கம்பனி ஒன்று வாங்கி, உள்ளே தளம் போட்டு, குறுக்கே தடுப்பு எழுப்பி, சின்னச் சின்ன வீடுகளாக வெட்டி விற்றது. இப்போது அந்தப் பக்கம் எல்லாமே அப்படித்தான். பழைய லொட்ஜ் வீடாகிறது, மரக்கறி ஸ்டோர் வீடாகிறது. டவுனுக்கு வேலைக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், கட்டுவதற்குச் சமதரைக் காணி கிடைப்பதில்லை. பழைய சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது. நாங்களும் நின்றோம்.

நான் கணக்கு டீச்சர். ஹாலிஎலயில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில்தான் இருந்தோம். நான் பிறந்தது பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், ஒரு அறைக்கு ஒரு குடும்பம். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து அறையில் வெங்காயம் தாளித்தால் எங்கள் கண் எரியும். உயர்தரப் பரீட்சைக்கு நான் படித்தபோது ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் குடித்துவிட்டு வந்தவனின் கத்தல். அவன் மனைவி அழுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் சமன்பாடுகளைத் தீர்த்தேன். மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். என் வாழ்க்கையில் நான் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காத ஒரு சுவர் வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டேன்.

அதை வீடு விற்கக் கம்பனி வைத்திருந்த விற்பனையாளரிடம் சொன்னேன். முதல் தடவை வீடு பார்க்கப் போனபோதே சொன்னேன். முப்பத்தைந்து வயது இருக்கும், தேய்த்த சட்டை, நல்ல மரியாதை.

"நானும் தோட்டத்துல பொறந்தவன்தான் டீச்சர். லயத்துல இருந்தவங்களுக்குத்தான் வீட்டோட அரும தெரியும். நம்ம ஆளுங்களுக்குன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சது இது. இந்தச் சுவருல காத வச்சிக் கேளுங்க" என்றார்.

நான் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் குடியில்லை, எப்படிக் கேட்கும்?

நாங்கள் போனது நல்ல வெயில் காலம். எல்லா லைட்டும் எரிந்தது. டைல்ஸ் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. சமையலறையில் மேலும் கீழும் அலுமாரி. பின்பக்கம் பள்ளம் என்பதால் ஜன்னலைத் திறந்தால் மறைப்பே இல்லை, நமுனுகுல மலை முழுசாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. திரும்பி வரும் வழியில், "இதுதான்" என்றார். நானும் ஆமாம் என்றேன். இருந்த சேமிப்போடு கடனையும் சேர்த்து வாங்கிவிட்டோம்.

கீழ்மாடியில் மூன்று வீடுகள். வலது பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்து ஓய்வாகிவிட்ட ஒரு முஸ்லிம் பெரியவரும் அவர் மனைவியும். அவரை எல்லாரும் போல நாங்களும் நானா என்றே கூப்பிட்டோம். நடுவில் நாங்கள். இடது பக்க வீடு விற்காமல் கிடந்தது.

குடிபோன முதல் வாரத்திலேயே நானா தொண்டையைச் செருமுவது எங்கள் படுக்கையறையில் கேட்டது. கேட்டது என்றால் எங்கோ கேட்ட மாதிரி இல்லை, கட்டில் பக்கத்தில் நின்று செருமுகிற மாதிரி. வீட்டுக்காரர் ஆணி அடிக்கச் சுவரில் சுத்தியலை வைத்தார். ஆணி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கி உள்ளே விழுந்துவிட்டது. சுவர் சுவரே இல்லை. தகரச் சட்டத்தில் இரண்டு பக்கமும் பலகை அறைந்து, மேலே பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே வெறும் காற்று. எங்கள் லயத்து நடுச்சுவராவது கல்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தியேட்டரின் தரை திரையை நோக்கிச் சரிவாக இருக்கும் அல்லவா? அந்தச் சரிவை நிரப்ப உடைத்த செங்கல்லையும் குப்பையையும் கொட்டி, அதற்கு மேல் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். எங்கள் வீடு திரை இருந்த பக்கம், பள்ளம் அதிகமான இடம். நிரப்பியது அமுங்க அமுங்க டைல்ஸ் ஒவ்வொன்றாக வெடித்தது. நடந்தால் சில இடத்தில் பொள் பொள் என்று சத்தம் வரும். அலுமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

மழைக்காலம் தொடங்கியதும் குளியலறைப் பக்கச் சுவர் வியர்த்தது. முதலில் ஒரு தட்டு அளவுக்கு மஞ்சள் கறை. தீபாவளிக்குள் அது அலுமாரிக்குப் பின்னால் முழுக்கப் பரவி, என் சேலைகளில் பூஞ்சணம் பிடித்தது. மேல்மாடியில் யாராவது குளித்தால் எங்கள் சீலிங்குக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம், அதன் பின்னால் ஒரு நாற்றம். சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். சாம்பிராணியும் நாற்றமும் சேர்ந்து இன்னும் மோசமாக இருந்தது.

கம்பனிக்கு எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன் என்று தெரியாது. எப்போதும் அதே விற்பனையாளர்தான் பேசுவார், குரலில் மரியாதை கொஞ்சமும் குறையாமல்.

"மலை ஊரு டீச்சர். ஓதம் வரத்தான் செய்யும்."

"பதுளையில எல்லா வீட்டுச் சுவரும் நாறுதா?"

"கட்டின கம்பனி வேற, நாங்க விக்கிறவங்க மட்டும்தான். அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். ஆள் அனுப்புவாங்க."

ஒரு தடவை ஆள் வந்தான். கறைக்கு மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். ஈரம் காய்வதற்கு முன்பே அது கொப்பளித்து உரிந்தது.

தீபாவளிக்கு அம்மா வந்தார். ஆயுள் முழுக்கக் கொழுந்தெடுத்தவர், இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். அவர் வருவதற்கு முன் நான் ஊதுபத்தி ஏற்றி, அலுமாரிக்கு வெளியே தெரிந்த கறைக்கு முன்னால் காலண்டரை மாட்டி வைத்தேன். அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் காலையில் பார்த்தால் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நானாவின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். இருவரும் எழுந்து வெளியே போகவில்லை. பலகை வழியாகவே பேச்சு.

"என்னம்மா இது?" என்றேன்.

"அந்தம்மாவுக்கு முழங்கால் வலியாம். நல்ல மனுசி. பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரியுது, அது நல்லதுதானே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை. அம்மா மனதாரச் சொன்னார். அவருக்கு அந்தச் சத்தம் பழகிய துணை. ஆனால் நான் படித்து, வேலை தேடி, சீட்டுப் பிடித்து, கடன் வாங்கி வந்து சேர்ந்தது இன்னொரு லயத்துக்குத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

அம்மா பின்னாலேயே வந்து நின்றார். காலண்டரைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"லயத்துல கூர ஒழுகுனா எல்லாருமாப் போய்த் தோட்டத்துத் தொர பங்களா முன்னால நிப்போம். செய்றானோ இல்லியோ, வெளிய வந்து பதில் சொல்லணும். இங்க யாரு முன்னால போய் நிக்கிறது?"

நான் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

அம்மா ஊருக்குப் போய்ச் சில நாட்களில், ஒரு சனிக்கிழமை, விற்பனையாளர் கதவைத் தட்டினார். இடது பக்க வீட்டைப் பார்க்க ஒரு சோடி வந்திருந்தது. பெண் பெரகலப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவள், தாதியாக வேலை பார்க்கிறாள். கணவன் வெளிநாட்டில் டிரைவர், விடுமுறையில் வந்திருக்கிறான். அவளுக்கு ஐந்தாறு மாத வயிறு.

"டீச்சர் இங்க சந்தோசமா இருக்காங்க. நீங்களே கேட்டுப் பாருங்க" என்று விற்பனையாளர் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "ரெண்டு வார்த்த சொல்லுங்க டீச்சர். நம்ம புள்ளைங்க" என்றார்.

நம்ம புள்ளைங்க என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. எனக்கு விற்றபோதும் நம்ம ஆளுங்க என்றுதான் சொன்னார். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் நம்புவதைக் கதவு திறக்கிற சாவியாக வைத்திருந்தார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "சொல்லுங்க அக்கா. நல்ல வீடா?" என்றாள்.

"நான் சொல்லல. உள்ள வாங்க. நீங்களே பார்த்துக்குங்க" என்றேன்.

விற்பனையாளர், "அந்த வீட்டப் பார்த்தாப் போதுமே" என்று இழுத்தார். நான் கதவை அகலத் திறந்தேன்.

அவர்களை ஹோலில் நிற்க வைத்து, கதவை மூடி, பேச வேண்டாம் என்றேன். நானாவின் டீவியில் செய்தி வாசிப்பது சொல் சொல்லாகக் கேட்டது. அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸில் நடக்கச் சொன்னேன். அவன் குதிகாலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லபோல" என்றான். அலுமாரியை நானும் அவனுமாக நகர்த்தினோம். பின்னால் இருந்ததை அவளே பார்த்தாள். விரலால் அழுத்தினாள். பூச்சு ஈரமாக நகத்தோடு வந்தது.

"பக்கத்து வீட்டுலயும் இப்படியா?"

"ஒரே பைப்தான் மூணு வீட்டு சீலிங்குலயும் போகுது, தண்ணி ஓடுற சத்தம் வரிசையாக் கேட்குது. அங்க போய்க் கண்ணாடி மாதிரி இருக்கிற டைல்ஸப் பார்க்காதீங்க. அலுமாரிக்குள்ள தலைய விட்டு மோந்து பாருங்க. சுவருல விரலால தட்டுங்க. மேல யாராவது குளிக்கிற நேரம் வந்து சும்மா நில்லுங்க."

விற்பனையாளர் சிரிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் அது முகத்தில் காய்ந்துபோயிருந்தது. "டீச்சர் வீட்டுல ஒரு சின்னப் பிரச்சின. அத நாங்க பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

அவர்கள் வாங்கவில்லை. போகும்போது அவள் என் கையைப் பிடித்து, "இந்த நாத்தத்துல பச்சப்புள்ளய வச்சிருக்க முடியாது அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்று பின்னேரமே நானா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பலகைச் சுவர் அவருக்கும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது.

"நீங்க சொன்னது உண்மதான் டீச்சர். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்த வீட்ட வித்துட்டுக் கண்டியில மகள்ட பக்கத்துல போய் இருக்கலாம்னு நானும் பொஞ்சாதியும் நெனச்சிருக்கோம். நீங்க இப்படி வந்தவங்க எல்லாருக்கும் காட்டுனா எங்கட வீட்ட யாரு வாங்குவாங்க?"

"அப்ப அந்தப் புள்ள ஏமாந்தாப் பரவாயில்லையா நானா?"

"நாங்க ஏமாறல்லியா?" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நாங்கள் ஏமாந்தோம், அதனால் இன்னொருத்தியும் ஏமாறலாம். நல்ல மனிதர், நோன்புக் காலத்தில் எங்களுக்குக் கஞ்சி அனுப்பாத நாளில்லை. அவர் வாயிலிருந்து அது வந்தது. மேல்மாடிக்காரர்களும் மாடிப்படியில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். குப்பையைத் தரைக்கடியில் வைத்து மூடி விற்றவன் மேல் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

வீட்டுக்காரரும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், "உனக்கு எதுக்கு இந்த வேல? நாளைக்கு நாமளும் விக்க வேண்டி வந்தா?" என்றார்.

"வித்தா, கறையக் காட்டித்தான் விப்பேன்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு விற்பனையாளர் சனிக்கிழமைகளில் வரவில்லை. சரி, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தால் இடது பக்க வீட்டுக்குள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலிஎலயில் கரும்பலகை முன்னால் நிற்கிற நேரமாகப் பார்த்து ஆள் கூட்டி வந்திருக்கிறார். வாங்கியது தனியாகத் தையல் கடை நடத்துகிற ஒரு பெண். கணவன் இல்லை, வளர்ந்த மகள் ஒருத்தி. என் பாட நேரசூசியைக் கூட அந்த மனிதர் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தியிருந்தார்.

அந்தப் பெண் குடிவந்து மூன்றாவது மழைக்கே என் கதவைத் தட்டினாள். கையில் ஈரத் துணிக்கட்டு. யாரோ தைக்கக் கொடுத்த கல்யாணச் சேலை, ஓரம் முழுக்க மஞ்சள்.

"டீச்சர், உங்க பக்கமும் சுவர் நனையுதா?"

"நனையுது."

"எவ்வளவு நாளா?"

"நாங்க வந்த மொத மழையிலருந்து."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நான் கேட்டுட்டுத்தானே வாங்குனேன். நீங்க வீட்டுல இல்ல. அந்த நானாகிட்டக் கேட்டேன். நல்ல எடம், கரச்சல் இல்லன்னாரு" என்றாள். அவள் அதைச் சாதாரணக் குரலில்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் சாதாரணக் குரல் போதும். வலது பக்கத்தில் டீவிச் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் நானா வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தார். அவள் அந்தச் சேலையை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"இத நான் யாருக்குக் கட்டக் குடுக்கிறது, சொல்லுங்க" என்றாள்.

நானா சேலையின் மஞ்சள் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "டீச்சர், எனக்குத் தெரிஞ்ச பாஸ் ஒருத்தர் இருக்கார். நாளைக்கே கூட்டி வாறன். சீலிங்க உடைப்போம். கம்பனிக்காரன் வரமாட்டான்" என்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் உடனே இளகிவிடவில்லை. உடைப்பதானால் மூன்று வீட்டிலும் உடைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

பாஸ் என்று அவர் சொன்ன மேசன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். சீலிங் பலகையைக் கழற்றியதும் வந்த நாற்றத்துக்கு எல்லாரும் வெளியே ஓடினோம். மேல்மாடிக்காரர்களும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். மேலே உள்ள குளியலறைகளின் கழிவு பைப் கட்டட நீளத்துக்கும் வாட்டமே இல்லாமல் படுத்துக் கிடந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அதன் முனையைத் தியேட்டர் காலத்து மூத்திரக்கூடத்தின் துருப்பிடித்த இரும்பு பைப்புக்குள் செருகி, சுற்றிச் சாக்குத் துணி கட்டி, மேலே சீமெந்து அப்பியிருந்தார்கள். சாக்கு அழுகிப்போயிருந்தது. மழைக்கு அந்தப் பழைய பைப் நிரம்ப, கழிவெல்லாம் அந்தச் சந்து வழியாக வெளியே வந்திருக்கிறது. இத்தனை மாதம் நாங்கள் சோறு தின்றது அதற்குக் கீழே. தையல்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் போனை எடுத்து எல்லாக் கோணத்திலும் படம் பிடித்தார். பிறகு விற்பனையாளருக்கு அனுப்பி, தானே போன் பண்ணினார். அவர் ஒருவரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கம்பனியிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தோம். பிறகு மேலும் கீழுமாக எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து, அந்த பைப்பை முழுதாக வெட்டி எறிந்தோம். மலக்குழி கட்டடத்துக்கு முன்னால் இருந்தது. அதனால் புது பைப்பை வெளியே எடுத்து, முன்சுவரின் நடுவாக இறக்கி, நேராகக் குழியில் விடுவதுதான் வழி என்றார் பாஸ். செய்யுங்கள் என்றோம். கம்பனி தன் பெயரைப் பெரிய எழுத்தில் பதித்து, விளக்கு வைத்திருந்த சுவர் அது. சாம்பல் நிற பைப் அந்தப் பெயரின் குறுக்காக மேலிருந்து கீழே இறங்கியது.

அதற்குத்தான் வந்தார் விற்பனையாளர். சுவர் நாறியபோது வராதவர், பைப் வெளியே தெரிந்ததும் மறுநாள் காலையே வந்து நின்றார். நான் பாடசாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"என்ன டீச்சர் இது. முன்பக்கத்து அழகே போயிருச்சே. இன்னும் மேல ரெண்டு வீடு விக்கக் கிடக்கு. வாறவங்க இதப் பார்த்தா என்ன நெனைப்பாங்க?"

"பார்க்கட்டும். என்னன்னு கேட்பாங்க. நீங்க சொல்லுங்க, இல்லாட்டி நாங்க சொல்றோம்."

"இத உள்ள மறைச்சுப் போட்டிருக்கலாமே."

எனக்குப் பின்னாலிருந்து நானா சொன்னார், "உள்ள மறைச்சதெல்லாம் போதும் தம்பி."

விற்பனையாளர் பைப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சட்ட நடவடிக்கை, அது இது என்று ஏதோ சொன்னார். தையல்காரப் பெண் தன் வாசலில் நின்றபடி, "எடுங்க, நாங்களும் எடுக்கிறோம்" என்றாள். அவர் போய்விட்டார்.

சுவர் இப்போது காய்ந்துவிட்டது. கறை போகவில்லை, நானும் பெயின்ட் அடிக்கவில்லை. டைல்ஸ் இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குத் தரை முழுவதையும் தோண்ட வேண்டும், அதற்கு எங்களிடம் வசதியில்லை. நானா தொண்டையைச் செருமுவது கேட்கத்தான் செய்கிறது. அவர் வீட்டை விற்கவும் இல்லை, கண்டிக்குப் போகவும் இல்லை. கடன் முடிய எங்களுக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. மாதா மாதம் சம்பளத்தில் அது வெட்டுப்படுகிறபோதெல்லாம் எனக்கு அந்தச் சாக்குத் துணிதான் ஞாபகம் வருகிறது. போன கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பழைய ஸ்டோரைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். வீடுகள் விற்பனைக்கு என்று மூன்று மொழியிலும் போர்ட். தமிழில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை. நான் பஸ்ஸை விட்டுவிட்டு, வலைக்குள் தலையை விட்டு, உள்ளே என்ன சுவர் எழுப்புகிறார்கள் என்று பார்த்தேன். காவல்காரர் வந்து, "இங்க நிக்க ஏலாது மிஸ்" என்றார். தகரச் சட்டம்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.